எண்ணும் முன் எண்ணிப் பார்த்தவர்

பேராசிரியர் பி. சி. மகலனோபிஸ் (1893 – 1972)

நுழையும் முன்

வகுப்பில் மாணவர் எத்தனை பேர்? ஒவ்வொருவரின் உயரம் எவ்வளவு? வீட்டில் பேசும் மொழி எது? இம்மூன்று வினாக்களுக்கும் கிடைக்கும் விடைகள் யாவும் தரவுகளே. ஆயினும், அவை ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. முதல் விடையை எண்ணிச் சொல்லலாம். இரண்டாவதை அளந்துதான் சொல்ல வேண்டும். மூன்றாவதை எண்ணவும் இயலாது, அளக்கவும் இயலாது, பெயரால் மட்டுமே குறிக்கலாம். இந்த வேறுபாட்டை உணராமல் போடும் கணக்கு, எவ்வளவு கவனமாகப் போட்டாலும் பிழையாகவே முடியும். இந்திய நாட்டுக்கு இப்பாடத்தைத் தம் வாழ்நாள் முழுவதும் கற்பித்த அறிஞர் ஒருவரின் வரலாற்றைக் காண்போம்.

இளமையும் கல்வியும்

பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1893 ஆம் ஆண்டு ஜூன் 29 ஆம் நாள் கொல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் பிரபோத் சந்திரர், தாயார் நிரோதபாசினி. அவர்களது குடும்பம் பிரம்ம சமாஜத்தின் சீர்திருத்தக் கொள்கைகளில் ஊறியது. கைம்பெண் மறுமணத்தைச் சமூகம் வெறுத்த காலத்தில், கைம்பெண் ஒருவரையே மணந்துகொண்டவர் பாட்டனார் குருசரண். வழக்கம் என்பதற்காக எதையும் ஏற்றுக்கொள்ளாமல், ஆராய்ந்து ஏற்கும் இயல்பு மகலனோபிசுக்கு வீட்டிலேயே வாய்த்தது.

கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1912 இல் பட்டம் பெற்றார். ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய் ஆகிய பேரறிஞர்கள் அக்கல்லூரியில் அவருக்கு ஆசிரியர்களாக இருந்தனர். மேற்படிப்புக்காக 1913 இல் இங்கிலாந்து சென்றார். இலண்டனில் பயில்வதே அவரது எண்ணம். ஒருநாள் கேம்பிரிட்ஜ் நகரைக் காணச் சென்றவர், அங்குள்ள கிங்ஸ் கல்லூரியின் வழிபாட்டுக் கூடத்தின் அழகில் மனம் பறிகொடுத்தார். திரும்பும் தொடர்வண்டியையும் தவறவிட்டார். அன்றிரவு நண்பர் வீட்டில் தங்கிய அவர், அந்தக் கல்லூரியிலேயே சேர்வது என்று முடிவு செய்தார்.

கேம்பிரிட்ஜில் இரு நண்பர்கள்

அக்காலத்தில் கேம்பிரிட்ஜில் மற்றோர் இந்திய இளைஞரும் இருந்தார். அவர் கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றி, 1914 இல் இங்கிலாந்து சென்ற கணித மேதை சீனிவாச இராமானுஜன். வங்காளத்தவரும் தமிழரும் நெருங்கிய நண்பர் ஆயினர்.

குளிர்காலத்தில் ஒருநாள் இராமானுஜனைக் காணச் சென்ற மகலனோபிஸ், இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று வினவினார். மேலங்கியை அணிந்தவாறே சால்வையையும் போர்த்திக்கொண்டு உறங்குவதாக இராமானுஜன் கூறினார். படுக்கையில் போதிய கம்பளிகள் இல்லையோ என்று மகலனோபிஸ் சென்று பார்த்தார். பல கம்பளிகள் இருந்தன. அவை மெத்தையோடு சேர்த்து இறுக்கமாகச் செருகப்பட்டு, மேலே விரிப்பும் இடப்பட்டிருந்தது. அவற்றை விலக்கி உள்ளே படுத்துக்கொள்ள வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரிந்திருக்கவில்லை. மகலனோபிஸ் அம்முறையைப் பொறுமையோடு செய்து காட்டினார். பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வந்தவருக்கு எளிய செயலும் புதிராக இருக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மற்றொரு நாள் இராமானுஜன் அடுப்பில் காய்கறிகளைக் கிளறிக்கொண்டிருந்தார். மகலனோபிஸ் இதழ் ஒன்றில் வந்த புதிரை அவருக்குப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் ஒன்று முதல் வரிசையாக எண்ணிடப்பட்ட வீடுகள் உள்ளன. ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு இடப்புறம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் சமம். தெருவில் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள் வீடுகள் உள்ளன எனில், அவ்வீட்டின் எண் என்ன? 288 வீடுகள் உள்ள தெருவில் 204 ஆம் வீடு என்பதே விடை. மகலனோபிஸ் சிறிது முயன்று இவ்விடையைக் கண்டிருந்தார். இராமானுஜனோ, கிளறிக்கொண்டே, இத்தகைய தெருக்கள் அனைத்துக்கும் பொருந்தும் தீர்வைத் தொடர்பின்ன வடிவில் கூறிவிட்டார்.

புதிரில் வீட்டு எண்களைக் கூட்டலாம். உண்மையான தெருவில் அவற்றைக் கூட்டுவதால் பயன் இல்லை. 10 ஆம் எண் வீடு 5 ஆம் எண் வீட்டைப் போல் இருமடங்கு பெரியது அன்று. வீட்டு எண், வீட்டை அடையாளம் காட்டும் குறி மட்டுமே. எண்ணால் எழுதப்பட்டவை யாவும் அளவுகள் ஆகா. தரவுகளைப் பற்றி அறியத் தொடங்குவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

வாழ்க்கையைத் திருப்பிய இதழ்

மகலனோபிஸ் 1915 இல் இயற்பியலில் முதல் வகுப்பில் தேறினார். கேம்பிரிட்ஜிலேயே ஆய்வைத் தொடரும் வாய்ப்பு அவருக்குக் காத்திருந்தது. இடையில் விடுமுறைக்காகத் தாயகம் திரும்பக் கருதினார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் கப்பல் புறப்படத் தாமதமாயிற்று. அந்நாள்களில் கல்லூரி நூலகத்தில் பயோமெட்ரிகா என்னும் இதழின் தொகுதிகளைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. உயிரினங்களை அளந்து பெற்ற தரவுகளைக் கணிதத்தால் ஆராயும் இதழ் அது. மகலனோபிஸ் அத்தொகுதிகளை விலைக்கு வாங்கினார். கப்பலிலேயே படிக்கத் தொடங்கினார்.

கொல்கத்தா வந்ததும் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கும் பணி கிடைத்தது. கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கு அவர் திரும்பவில்லை. பகலில் இயற்பியல் ஆசிரியர். எஞ்சிய பொழுதெல்லாம் புள்ளியியல் மாணவர். அறிஞர் பிரஜேந்திரநாத் சீல் கேட்டுக்கொண்டதற்கிணங்கக் கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தேர்வு முடிவுகளை ஆராய்ந்தார். முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்னும் பிரிவுகளில் எது உயர்ந்தது என்பது தெரியும். எவ்வளவு உயர்ந்தது என்பது அப்பெயர்களிலிருந்து தெரியாது. இவ்வாறு வரிசை மட்டும் புலப்படும் தரவைத் தரவரிசைத் தரவு என்பர்.

உயரமும் வெள்ளமும்

நாகபுரியில் 1920 இல் நடைபெற்ற இந்திய அறிவியல் மாநாட்டில், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநர் நெல்சன் அன்னன்டேல் என்பாரை மகலனோபிஸ் சந்தித்தார். அன்னன்டேல், கொல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியர்களின் உடலளவுகளைத் திரட்டி வைத்திருந்தார். அவற்றை ஆராய்ந்து தருமாறு கேட்டுக்கொண்டார். 200 ஆடவரின் உயரத்தை ஆராய்ந்து மகலனோபிஸ் எழுதிய கட்டுரை 1922 இல் வெளிவந்தது. புள்ளியியலில் அவரது முதல் கட்டுரை அதுவே.

உயரம் எத்தகைய தரவு? ஒருவர் 165 செ.மீ., மற்றொருவர் 166 செ.மீ. எனில், இவ்விரண்டுக்கும் இடையில் 165.4, 165.43 என எண்ணற்ற மதிப்புகள் இருக்கக்கூடும். இது தொடர்ச்சியான தரவு. ஆய்வுக்கு உட்பட்ட ஆடவரின் தொகையோ 200. அது 200.5 ஆக ஒருபோதும் இராது. இது தனித்த தரவு. அந்த உயரங்களை நேரில் அளந்த அன்னன்டேலுக்கு அவை முதல்நிலைத் தரவுகள். பிறர் அளந்தவற்றைப் பெற்று ஆராய்ந்த மகலனோபிசுக்கு அவை இரண்டாம்நிலைத் தரவுகள். பிறர் திரட்டிய தரவைப் பயன்படுத்துவோர், அது எவ்வாறு அளக்கப்பட்டது என்று ஆராய வேண்டும். இவ்வழக்கத்தை மகலனோபிஸ் ஒருபோதும் கைவிடவில்லை. இரு மக்கள் குழுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு ஒத்துள்ளன என்பதைப் பல அளவுகளைக் கொண்டு ஒருசேரக் கணிக்கும் முறையையும் அவர் வகுத்தார். 1936 இல் முழுவடிவம் பெற்ற அம்முறை இன்று உலகெங்கும் மகலனோபிஸ் தொலைவு என்று அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது.

அந்நாளில் அவரை ஆட்கொண்ட மற்றொரு சிக்கல் வெள்ளம். வட வங்காளத்தில் 1922 இல் பெருவெள்ளம் ஏற்பட்டது. வெள்ளநீரைத் தேக்கிவைக்கப் பெரும் பொருட்செலவில் நீர்த்தேக்கங்கள் அமைக்கப் பொறியாளர்கள் எண்ணினர். மழையளவையும் வெள்ளத்தையும் பற்றிய பழைய பதிவேடுகளை மகலனோபிஸ் ஆராய்ந்தார். அத்தேக்கங்களால் பயன் இராது என்றும், நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்றும் காட்டினார்.

ஒடிசாவின் பிராமணி ஆற்றில் 1926 இல் வெள்ளம் வந்தது. ஆற்றின் அடித்தளம் மேடேறிவிட்டது. எனவே கரைகளை உயர்த்த வேண்டும் என்று கருதப்பட்டது. மகலனோபிஸ் ஏறத்தாழ அறுபது ஆண்டுத் தரவுகளை வரிசைப்படுத்திப் பார்த்தார். அடித்தளம் உயரவில்லை என்பது தெரிந்தது. மேல்நிலத்தில் அணை கட்டி நீரைத் தடுப்பதே ஏற்றது என அவர் அறிவித்தார். மகாநதியின் குறுக்கே பிற்காலத்தில் எழுந்த ஹிராகுட் அணைக்கும் அவருடைய கணக்கீடுகள் துணை நின்றன. ஒரே பொருளைப் பற்றி ஆண்டுதோறும் பதியப்பெறும் இத்தகைய தரவு காலத்தொடர் தரவு எனப்படும். ஓராண்டு வெள்ளத்தை மட்டும் பார்த்தோர் கரையை உயர்த்தச் சொன்னார்கள். அறுபது ஆண்டுகளைப் பார்த்தவர் வேறு வழியைக் கண்டார்.

ஓர் அறையில் பிறந்த நிறுவனம்

மாநிலக் கல்லூரியின் இயற்பியல் துறையில், மகலனோபிசின் அறையை ஒட்டிச் சிறிய புள்ளியியல் ஆய்வகம் ஒன்று உருவாயிற்று. ஆர்வமுள்ள இளைஞர் சிலர் அங்குக் கூடினர். அதுவே 1931 டிசம்பர் 17 அன்று இந்தியப் புள்ளியியல் நிறுவனமாக மலர்ந்தது. முதலாண்டுச் செலவு 250 ரூபாயைக்கூட எட்டவில்லை. 1933 இல் சாங்க்யா என்னும் ஆய்விதழும் தொடங்கப்பட்டது. எண் என்பதும், தெளிந்த அறிவு என்பதும் அவ்வடசொல்லின் பொருள்கள். தமிழிலும் எண்ணுதல் என்னும் சொல் கணக்கிடுதல், சிந்தித்தல் ஆகிய இரு பொருளையும் தருகிறது.

சணல் வயல்களில்

வங்காளத்தின் பெரும் பணப்பயிர் சணல். எவ்வளவு நிலத்தில் சணல் விளைந்துள்ளது என்பதைப் பொறுத்தே அதன் விலை அமைந்தது. அரசின் மதிப்பீடோ பெரும்பாலும் ஊர்க்காவலர்கள் கண்ணளவில் சொல்லும் செய்தியையே நம்பியிருந்தது. ஒவ்வொரு வயலையும் நேரில் பார்த்துக் கணக்கெடுக்கலாம் எனில், அதற்குப் பல்லாயிரம் ஆள்களும் பெரும் செலவும் வேண்டும். ஆள் மிகுந்தால் பிழைகளும் மிகும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழ்ப் பழமொழி. மகலனோபிஸ் மேற்கொண்ட வழியும் அத்தகையதே. அனைத்து வயல்களையும் பாராமல் சில வயல்களை மட்டும் தேர்ந்து பார்ப்பதே கூறெடுப்பு முறை. ஆனால், பானைச் சோறு சீராக வெந்திருந்தால்தான் ஒரு சோறு பதம் காட்டும். மேலே கிடக்கும் பருக்கையை மட்டும் எடுத்தால் ஏமாற நேரும். சாலையோர வயல்களையோ பழகியவர் வயல்களையோ மட்டும் பார்த்தாலும் அவ்வாறே. ஆகவே, எந்த வயலைப் பார்ப்பது என்பதை ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடாமல், குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் நிலப்படத்திலிருந்து தேர்ந்தெடுத்தார்கள்.

1937 இல் சிறிய அளவில் முன்னோட்டமாகத் தொடங்கிய பணி, ஆண்டுதோறும் விரிந்து 1941 இல் வங்காள மாகாணம் முழுமைக்கும் பரவியது. களப்பணியாளர்கள் சேற்றிலும் மழையிலும் வயல்களுக்கு நடந்தனர். அவர்கள் குறித்தவற்றுள் பல வகைத் தரவுகள் இருந்தன. வயலில் நிற்பது சணலா, நெல்லா என்பது பெயர்வகைத் தரவு. பார்த்த வயல்களின் தொகை தனித்த தரவு. வயலின் பரப்பு தொடர்ச்சியான தரவு.

மனிதர் பிழை செய்யக்கூடியவர் என்பதையும் மகலனோபிஸ் மறக்கவில்லை. ஒரே பகுதியில் இரு தனிக்கூறுகளைத் தேர்ந்து, இரு வேறு குழுக்களிடம் ஒப்படைத்தார். ஒரு குழு செய்வதை மற்றது அறியாது. இரண்டின் முடிவுகளும் நெருங்கியிருந்தால் நம்பலாம். பெரிதும் வேறுபட்டால் எங்கோ பிழை உள்ளது என்று அறிந்து மீண்டும் ஆராயலாம். சிலரைக் கேட்டு அனைவரையும் பற்றிச் சொல்ல முடியுமா என்று ஐயுற்றோர் பலர். குறைந்த செலவில், குறைந்த காலத்தில் கிடைத்த மதிப்பீடுகளே அவர்களுக்கு விடையாயின.

பஞ்சத்தின் கணக்கு

1943 இல் வங்காளத்தைக் கொடும் பஞ்சம் தாக்கியது. உணவின்றியும் நோயுற்றும் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மகலனோபிசும் அவருடைய நிறுவனத்தாரும் 1944 – 45 ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராகச் சென்று எஞ்சிய குடும்பங்களைக் கண்டு கணக்கெடுத்தனர். பாட்டுகளில் வரும் துயரமும் செய்தித்தாள்களில் வரும் துயரமும் உண்மையே. ஆயினும், யாருக்கு எவ்வளவு உதவி வேண்டும் என்று அரசு அறியத் தரவு தேவைப்பட்டது.

குடும்பத்தார் செய்த தொழில் என்ன? நிலம் எவ்வளவு இருந்தது? இப்போது எவ்வளவு எஞ்சியுள்ளது? இவ்வினாக்களுக்கு மூன்று காலங்களுக்கான விடைகள் திரட்டப்பட்டன. முதலாவது, போருக்கு முந்திய 1939 ஜனவரி; இரண்டாவது, பஞ்சத்துக்குச் சற்று முந்திய 1943 ஜனவரி; மூன்றாவது, பஞ்சத்துக்குப் பிந்திய 1944 மே.

தொழில் என்பது பெயர்வகைத் தரவு. உழவர், உழவுத் தொழிலாளர், மீனவர், கைவினைஞர், நெல் குற்றுவோர் எனப் பலர் இருந்தனர். எளிதாகக் கணக்கிட உழவருக்கு 1, மீனவருக்கு 2 என எண் கொடுக்கலாம். ஆனால், அவ்வெண்களைக் கூட்டிச் சராசரி கண்டால் கிடைப்பது எவருடைய தொழிலும் அன்று. எத்தனை பேர் எத்தொழிலில் இருந்தனர், பின்னர் எத்தனை பேர் அதிலிருந்து வீழ்ந்தனர் என்று எண்ணுவதே முறை. அவ்வாறு எண்ணியபோது உண்மை வெளிப்பட்டது. பஞ்சம் எல்லாரையும் ஒன்றுபோல் தாக்கவில்லை. உழவுத் தொழிலாளர், மீனவர் போன்ற எளியோரே மிகுதியாக வீழ்ந்தனர். சிறு உழவர் பலர் உணவுக்காக நிலத்தை விற்றனர், அடகு வைத்தனர். பஞ்சம் வருமுன்னரே எளியோரின் வாழ்வு சரியத் தொடங்கியிருந்தது என்பதும் தெரியவந்தது.

எல்லாக் குடும்பங்களையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே சராசரியைக் கண்டிருந்தால், மீனவரின் துயரம் நிலக்கிழாரின் நலத்தில் மறைந்துபோயிருக்கும். தொழிலின் பெயரைக் கேட்டுக் குறித்ததனால்தான் துயருற்றோர் யார் என்பது தெரிந்தது. அளக்க இயலாத தரவு என்பதால் அது பயனற்ற தரவு ஆகிவிடாது.

நாடு முழுவதும்

விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தன் மக்கள் என்ன உண்கின்றனர், என்ன உடுக்கின்றனர், எவ்வளவு ஈட்டுகின்றனர் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. மகலனோபிசின் வழிகாட்டுதலில் 1950 இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கியது. முதற்சுற்று அவ்வாண்டு அக்டோபர் முதல் அடுத்த ஆண்டு மார்ச் வரை நடந்தது.

அப்பணி எளிதன்று. ஊருக்கு ஊர் மொழி வேறு, அளவையும் வேறு. நாடெங்கும் ஒரே மெட்ரிக் அளவையைக் கொண்டுவரும் சட்டம் 1956 இல்தான் இயற்றப்பட்டது. அதுவரை, ஓரிடத்துப் படியும் மற்றோரிடத்துப் படியும் ஒன்றாக இருக்கவில்லை. ஓரிடத்துச் சேரும் மற்றோரிடத்துச் சேரும் ஒன்றல்ல. நான்கு படி அரிசி என்று இரு குடும்பங்கள் கூறினால், இரண்டும் ஒரே அளவு உண்டதாகக் கொள்ள முடியாது. அளவு எண்ணோடு அலகும் சேர்ந்தால்தான் தரவு முழுமை பெறும்.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் (1956 – 61) வடிவமைப்பில் மகலனோபிசுக்குப் பெரும் பங்குண்டு. இந்தியாவின் முதல் இலக்கமுறைக் கணினி 1956 இல் அவருடைய நிறுவனத்திலேயே இயங்கத் தொடங்கியது. இந்தியப் புள்ளியியல் நிறுவனம் 1959 இல் நாட்டின் முதன்மை வாய்ந்த நிறுவனமாகச் சட்டத்தால் அறிவிக்கப்பட்டது. இலண்டன் அரச கழகம் 1945 இல் அவரை உறுப்பினராக ஏற்றது. இந்திய அரசு 1968 இல் பத்ம விபூஷண் விருதளித்தது.

நிறைவு

தம் 79 ஆம் பிறந்தநாளுக்கு முந்திய நாளான 1972 ஜூன் 28 அன்று மகலனோபிஸ் மறைந்தார். அவர் பிறந்த ஜூன் 29 ஆம் நாள், 2007 முதல் தேசியப் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இன்றும் கணக்கெடுப்பாளர்கள் வீட்டுக் கதவைத் தட்டுகின்றனர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது அவர்கள் கேட்கும் வினாக்களுள் ஒன்று தாய்மொழி எது என்பது. டெல்லியிலோ மும்பையிலோ வாழும் குடும்பம் தமிழ் என்று விடை கூறினால், அவ்விடையை எந்த அளவுகோலாலும் அளக்க இயலாது. கூட்டிச் சராசரி காணவும் இயலாது. ஆயினும், தமிழ் பேசுவோர் எந்த மாநிலத்தில் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பதை நாடு அறிவது அந்த ஒரு சொல்லால்தான்.

நினைவில் கொள்க

பண்புசார் தரவு: எண்ணளவால் அன்றிப் பண்பால் குறிப்பது. இது பெயர்வகை (தாய்மொழி, தொழில்), தரவரிசை (தேர்வு வகுப்பு) என இருவகைப்படும்.

அளவுசார் தரவு: எண்ணியோ அளந்தோ பெறுவது. இது தனித்தது (வயல்களின் தொகை), தொடர்ச்சியானது (உயரம், பரப்பு) என இருவகைப்படும்.

முதல்நிலைத் தரவு: ஆய்வாளர் தாமே நேரில் திரட்டுவது.

இரண்டாம்நிலைத் தரவு: பிறர் திரட்டியதைப் பெற்றுப் பயன்படுத்துவது.

சொற்பொருள்

ஊறிய – ஆழ்ந்து தோய்ந்த
கைம்பெண் – கணவனை இழந்தவர்
புதிர் – விடை காண்பதற்கு அரிய வினா
கூறு – முழுமையிலிருந்து எடுத்த பகுதி, மாதிரி
சமவாய்ப்பு – எல்லாவற்றுக்கும் ஒத்த வாய்ப்பு
ஐயுற்றோர் – சந்தேகம் கொண்டோர்
பதம் – பக்குவம்

பயிற்சி

அ. தரவின் வகையை எழுதுக.
1. மாணவரின் எடை
2. வீட்டில் உள்ள நூல்களின் எண்ணிக்கை
3. பிறந்த மாநிலம்
4. ஓட்டப்பந்தயத்தில் பெற்ற முதலிடம், இரண்டாமிடம்
5. பேருந்தின் வழித்தட எண்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. மகலனோபிசின் கப்பல் பயணம் அவரது வாழ்க்கையை எவ்வாறு மாற்றியது?
2. சணல் வயல்களைக் கணக்கெடுக்க இரு குழுக்களை அனுப்பியது ஏன்?
3. பிராமணி ஆற்றைப் பற்றி மகலனோபிஸ் கண்ட உண்மை யாது?

இ. விரிவான விடை தருக.
1. பஞ்சக் கணக்கெடுப்பில் தொழிலின் பெயரைக் குறித்தது ஏன் இன்றியமையாததாயிற்று?
2. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி எப்போது பொருந்தும், எப்போது பொருந்தாது என்பதைக் கூறெடுப்பு முறையோடு ஒப்பிட்டு விளக்குக.

ஈ. பிரித்து எழுதுக.
1. பேரறிஞர்
2. கண்ணளவு
3. களப்பணியாளர்

உ. சிந்தித்து விடை காண்க.
எட்டு வீடுகள் உள்ள தெருவில், இருபுறத்து எண்களின் கூட்டுத்தொகையும் சமமாக அமையும் வீடு எது?

ஊ. செயல்பாடு
வகுப்புத் தோழர் பத்துப் பேரிடம் தாய்மொழி, உடன்பிறந்தோர் எண்ணிக்கை, உயரம் ஆகிய மூன்றையும் கேட்டு அட்டவணையாக எழுதுக. எந்தப் பத்திகளுக்குச் சராசரி காணலாம், எதற்குக் காண இயலாது என்பதைக் காரணத்துடன் எழுதுக. தோழர் பத்துப் பேரையும் எம்முறையில் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதையும் குறிப்பிடுக.